விண்மீன்களின் நாடி பார்க்க வழி வகுத்தவர்
டாக்டர் வைணு பாப்பு (1927–1982)

கடலோரத்தில் பிறந்து வளரும் நமக்கு விண்மீன்கள் அந்நியரல்ல. கருவிகள் பெருகாத அந்நாட்களில் தூத்துக்குடித் துறையிலிருந்து தோணியிலும் வள்ளத்திலும் சென்ற நம் முன்னோர் வானத்தைப் பார்த்தே திசை அறிந்தனர். விடிவெள்ளியைக் கண்டு பொழுது விடியப்போவதை உணர்ந்தனர். ஆயினும், வழி காட்டும் அந்த ஒளிப்புள்ளிகள் எதனால் ஆனவை, அவற்றின் உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்விகளுக்குக் கண்ணால் மட்டும் விடை காண இயலாது. அதற்குத் தொலைநோக்காடி வேண்டும். அதை நிறுவ உயர்ந்த மலை வேண்டும். இரவெல்லாம் விழித்திருக்கும் மனிதர் வேண்டும். இம்மூன்றையும் நம் நாட்டில் ஒன்று சேர்த்த பெருமை டாக்டர் வைணு பாப்பு அவர்களையே சாரும். நவீன இந்திய வானியலின் தந்தை என்று அறிஞர்கள் அவரைப் போற்றுகின்றனர்.

விண்மீன்களுள் சில விந்தையானவை. மற்றவற்றில் அரிதாகக் காணப்படும் தனிமங்கள் அவற்றின் மேற்பரப்பில் குவிந்து கிடக்கின்றன. சில, பெரும் காந்தங்களாக விளங்குகின்றன. அவற்றுள்ளும் ஒரு சில, நம் கையிலுள்ள நாடியைப் போலத் துடிக்கின்றன! இத்தகைய விண்மீன்களைத் தேடும் பணியில் இந்தியாவும் பங்கு பெற்றிருக்கிறது. பாப்பு அவர்கள் இவற்றைத் தம் தனி ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளவில்லை. ஆனால் அப்பணி நடந்த மலை உச்சிக்குப் பின்னே அவருடைய உழைப்பு இருந்தது. ஆகவே அவருடைய வாழ்க்கையையும், அந்த விந்தை விண்மீன்களின் கதையையும் இங்கு சேர்த்தே காண்போம்.

இளமைப் பருவம்

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய குடும்பம் கேரளத்துத் தலைச்சேரியைச் சேர்ந்தது. தந்தையார் ஹைதராபாத்திலிருந்த நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் பணியாற்றினார். மற்றப் பிள்ளைகள் பம்பரமும் பட்டமும் கொண்டு விளையாடிய வயதில், இந்தச் சிறுவனுக்குத் தொலைநோக்காடியின் நிழலே விளையாட்டு மைதானமாக அமைந்தது. தந்தை செய்யும் தொழிலைப் பக்கத்தில் நின்று பார்த்தே வானத்தின் மீது காதல் கொண்டார்.

நிஜாம் கல்லூரியில் பயின்றபோது, ஒளி கூடிக் குறையும் மாறு விண்மீன்களைத் தாமே நோக்கிக் குறிப்பெடுத்துக் கட்டுரைகள் எழுதினார். பரீட்சைக்கு வேண்டியதைப் படித்தால் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு கேள்வியைத் தேடிச் செல்லும் மனம் அப்போதே அவருக்கு வாய்த்திருந்தது.

வால்மீன் தந்த வரவேற்பு

உதவித்தொகை பெற்று அவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களுக்குள் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. 1949ஆம் ஆண்டு ஜூலை மாதம், தாம் எடுத்த வானப் புகைப்படத்தில் இதற்கு முன் யாரும் காணாத ஒரு வால்மீனைக் கண்டார். அவருடைய பேராசிரியர் பாக், சக மாணவர் நியூகர்க் ஆகியோரின் பெயர்களோடு சேர்ந்து அது பாப்பு–பாக்–நியூகர்க் வால்மீன் என்று வழங்கலாயிற்று. பசிபிக் வானியல் கழகம் டோனோ பதக்கம் அளித்து அவரைப் பாராட்டியது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுகூட நிறையவில்லை!

1952இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கார்னகி உதவித்தொகையுடன், உலகின் மிகப் பெரிய தொலைநோக்காடி அந்நாளில் இருந்த மவுண்ட் வில்சன்–பாலோமர் ஆய்வுக்கூடங்களில் பணியாற்றினார்.

இரு பெண்மணிகளும் ஒரு விந்தையும்

பாப்பு பயின்ற அந்த ஹார்வர்டில்தான், அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன், விந்தை விண்மீன்களின் கதை தொடங்கியது. தொடங்கி வைத்தவர் ஒரு பெண்மணி என்பது நம் மாணவியர் அறிந்து மகிழ வேண்டிய செய்தி.

ஒரு விண்மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தினால் வானவில் போன்ற நிறப்பட்டை விரியும். அதில் ஊடே ஊடே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு தனிமத்தின் கையெழுத்து. இது இரும்பு, இது கால்சியம், இது ஹைட்ரஜன் என்று அக்கோடுகளைக் கொண்டே சொல்லிவிடலாம். ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தில் இத்தகைய புகைப்படத் தகடுகளை ஆராயும் வேலையைப் பெண்கள் செய்து வந்தனர். ஊதியம் குறைவு, பெயர் வெளியே வருவதும் அரிது.

அவர்களுள் ஒருவர் அந்தோனியா மோரி. கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு கோடும் மெல்லியதா, தடித்ததா, மங்கலா என்றும் நுணுகிப் பார்த்தார். இப்படிப் பார்த்தால் வேலை தாமதமாகும் என்று ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் கருதினார். இருவருக்கும் மனவேறுபாடு உண்டாயிற்று. மோரி விட்டுக்கொடுக்கவில்லை. 1897இல் தம் பெயரிலேயே வெளியிட்ட ஆய்வில், வேட்டை நாய்கள் என்னும் மண்டலத்தின் தலைமை விண்மீனில் வழக்கத்துக்கு மாறான கோடுகள் இருப்பதைக் குறித்தார். வேதியியல் முறையில் விந்தையான விண்மீன்கள் என்று இன்று நாம் சொல்லும் இனத்துக்கு அந்த விண்மீனே முதல் எடுத்துக்காட்டாயிற்று. மே மாத இரவில் 9 மணியளவில் வடக்கு நோக்கி நின்று, சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதிக்கும் தலைக்கு மேலுள்ள உச்சிக்கும் இடையே தேடினால், அந்த விண்மீனை நம் ஊரிலிருந்தே வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

மற்றொருவர் ஆனி ஜம்ப் கேனன். காது கேளாத குறையுடன் வாழ்ந்த இவர், இரண்டு லட்சத்து இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்தினார். ஹென்றி டிரேப்பர் அட்டவணை எனப்படும் அப்பெரும் பட்டியலின் எண்களையே இன்றும் உலகெங்கும் வானியலார் பயன்படுத்துகின்றனர். அப்பட்டியலில் உள்ள ஓர் எண்ணைப் பின்னர் நாம் சந்திக்கப்போகிறோம், நினைவில் வைத்துக்கொள்வோம்.

காந்தம் ஆன விண்மீன்

இந்த விண்மீன்கள் ஏன் விந்தையாக இருக்கின்றன? விடைக்கான முதல் வெளிச்சம் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. வலிமையான காந்தத்தின் நடுவே ஒளி தோன்றினால் அதன் நிறமாலைக் கோடு பலவாகப் பிரியும் என்பதை டச்சு விஞ்ஞானி சீமன் 1896இல் கண்டறிந்திருந்தார். இதைக் கொண்டு ஹேல் என்பவர் 1908இல், சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் வலிமையான காந்தங்கள் என்று காட்டினார். மவுண்ட் வில்சனில் பணியாற்றிய ஹொரேஸ் பாப்காக் இன்னும் ஒரு படி மேலே சென்று, 1947இல் கன்னி மண்டலத்திலுள்ள ஒரு விந்தை விண்மீனின் காந்தப்புலத்தை அளந்து அறிவித்தார். அது சுமார் 1500 காஸ். நம் பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவே இருக்கும். அதுவே நம் மாலுமிகளின் திசைகாட்டி முள்ளைத் திருப்பப் போதுமானது! 1960இல் பாப்காக் கண்டறிந்த வேறொரு விண்மீனின் காந்தப்புலமோ 34,000 காஸ்.

காந்தத்துக்கும் தனிமங்கள் குவிவதற்கும் என்ன தொடர்பு? நம் சமையலறையிலேயே ஓர் உதாரணம் உண்டு. அரிசி களைந்த நீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருந்தால் எல்லாம் ஒன்றாய்க் கலங்கி நிற்கும். அசையாமல் வைத்துவிட்டால் மாவு அடியில் தங்கும். உமியும் தவிடும் மேலே மிதக்கும். சூரியனின் மேற்பரப்பு கொதிக்கும் உலைபோல ஓயாது கலங்குகிறது. விந்தை விண்மீன்களின் மேலடுக்கோ அமைதியானது. காந்தப்புலம் அதை மேலும் அசையாமல் பிடித்து வைக்கிறது. அந்த அமைதியில் சில தனிமங்கள் தம் எடையால் கீழே அமிழ்கின்றன. வேறு சிலவற்றை உள்ளிருந்து வரும் ஒளியே மேலே தள்ளுகிறது. குரோமியம், ஸ்ட்ரான்ஷியம், யூரோப்பியம் போன்றவை இவ்வாறு மேலே வந்து திரள்கின்றன. யூரோப்பியம் போன்ற சில தனிமங்கள் சூரியனில் உள்ளதைவிட ஆயிரம் மடங்குக்கு மேலும் காணப்படுவதுண்டு.

தாய்நாடு அழைத்தது

பாப்காக்கின் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த அதே ஆய்வுக்கூடங்களில்தான் பாப்பு தம் ஆராய்ச்சியைச் செய்தார். அங்கு ஆலின் வில்சன் என்னும் அறிஞருடன் சேர்ந்து ஓர் அரிய உண்மையைக் கண்டார். சூரியனைப் போன்றும் அதைவிடக் குளிர்ந்தும் உள்ள விண்மீன்களின் நிறமாலையில், கால்சியத்தின் கருங்கோட்டின் நடுவே ஓர் ஒளிக்கீற்று தெரியும். அந்தக் கீற்று எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு அந்த விண்மீன் இயல்பில் ஒளி மிக்கது. 185 விண்மீன்களை ஆராய்ந்து 1957இல் வெளியான இம்முடிவு வில்சன்–பாப்பு விளைவு எனப் புகழ்பெற்றது. இதன் வழியே விண்மீன்களின் தூரத்தையும் கணிக்க முடிந்தது.

இத்தகைய அறிஞருக்கு அமெரிக்காவில் நல்ல எதிர்காலம் காத்திருந்தது. உலகின் சிறந்த கருவிகள் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இந்தியாவிலோ அன்று ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்காடி ஒன்றுகூட இல்லை. இருந்தும் 1953இல் பாப்பு தாயகம் திரும்பினார். ஆராய்ச்சி செய்வதை விட்டு, ஆராய்ச்சி செய்வதற்கான இடத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதை அறிந்தே வந்தார்.

1954இல் வாரணாசியில் உத்தரப் பிரதேச அரசின் வானாய்வுக்கூடம் தொடங்கப்பட்டபோது பாப்பு அங்கு பொறுப்பேற்றார். கங்கைச் சமவெளியின் தூசியும் புகையும் நிறைந்த வானம் அப்பணிக்கு உதவாது என்று கண்டு, இமயமலைச் சாரலிலுள்ள நைனிடாலுக்கு 1955இல் ஆய்வுக்கூடம் மாற்றப்பட்டது. பின்னர் 1961இல் அது அருகிலுள்ள மனோரா சிகரத்தில் நிலைபெற்றது. அந்த மலைக்கு இடம்பெயரச் செய்ததும், தொடக்க நாட்களில் அதை வளர்த்ததும் பாப்புவின் பணி.

கோடைக்கானலும் காவலூரும்

1960இல் பாப்பு நம் தமிழ்நாட்டுக்கு வந்தார். கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1899இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் கூடம் அது. சூரியனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்பவர் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். கோடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற நம் மாணவியர் சிலர் அக்கூடத்தைப் பார்த்திருக்கவும் கூடும். பாப்புவின் காலத்தில் அங்கு சூரியக் கோபுரத் தொலைநோக்காடி பணிக்கு வந்தது. சூரியனின் காந்தப்புலத்தை அளக்கும் கருவியும் அமைக்கப்பட்டது.

ஆனால் கோடைக்கானலின் இரவு வானம் மேகமும் மூடுபனியும் மிகுந்தது. விண்மீன்களைக் காண வேறு இடம் வேண்டும். பல இடங்களை ஆராய்ந்தபின் பாப்பு தேர்ந்தெடுத்தது ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் அச்சிற்றூர், பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வடவானத்தையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் காண வசதியானது.

1968இல் அங்கு நிறுவப்பட்ட முதல் தொலைநோக்காடியின் விட்டம் 38 சென்டிமீட்டர்தான். ஆனால் அது நம்மவர் கையாலேயே செய்யப்பட்டது என்பதில்தான் பாப்புவின் உள்ளம் விளங்குகிறது. கண்ணாடியைத் தேய்த்து மெருகிடவும், இரும்பைக் கடைந்து பொருத்தவும் நம் தொழிலாளரும் பொறியாளரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் விரும்பினார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்காடி வந்தது. அதே ஆண்டில் வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்த காட்சி காவலூரில் பதிவாயிற்று. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்ட அந்த வரலாற்று நிகழ்ச்சியைக் கண்ட இடங்களுள் காவலூரும் ஒன்று. இதற்கிடையே 1971இல் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்ற அமைப்பாயிற்று. அதன் இயக்குநராகப் பாப்பு விளங்கினார்.

நிறைவேறிய கனவு

பாப்புவின் நெஞ்சில் இன்னும் ஒரு பெருங்கனவு இருந்தது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்காடி ஒன்றை இந்தியாவிலேயே கட்டி முடிக்க வேண்டும் என்பதே அது. கண்ணாடிப் பாளம் மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து வளைவு கொடுத்து மெருகிடும் வேலை பெங்களூரிலேயே நடந்தது. ஆண்டுகள் சென்றன, பொறுமையோடு உழைத்தனர்.

1979இல் பாப்பு அனைத்துலக வானியல் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியை ஏற்றது அதுவே முதல் முறை. 1981இல் நம் அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் மாநாடு கிரீஸ் நாட்டில் கூடியது. தலைவர் அங்கு செல்ல இயலவில்லை. இதய நோய்க்குச் சிகிச்சை பெறச் சென்ற மியூனிக் நகரில், மாநாடு நடந்துகொண்டிருந்த அந்நாட்களிலேயே, 1982 ஆகஸ்டு 19ஆம் நாள் அவர் காலமானார். ஐம்பத்தைந்தாம் பிறந்தநாள் கழிந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன.

பெரிய தொலைநோக்காடியில் முதல் ஒளி விழுந்தது 1985 நவம்பரில். 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்காடிக்கும் காவலூர் ஆய்வுக்கூடத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. நட்டவர் நிழலில் அமரவில்லை. ஆனால் மரம் அவர் பெயர் சொல்லி நிற்கிறது.

விண்மீனின் நாடி

பாப்புவின் இறுதி ஆண்டுகளில் விந்தை விண்மீன்களின் கதையிலும் புதிய அத்தியாயம் பிறந்தது. 1978இல் டொனால்டு கர்ட்ஸ் என்னும் விஞ்ஞானி தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு விந்தை விண்மீனை நோக்கியபோது, அதன் ஒளி சுமார் 12 நிமிடங்களுக்கு ஒருமுறை மிக மெல்லக் கூடிக் குறைவதைக் கண்டார். இத்தனை பெரிய விண்மீன் இத்தனை விரைவாகத் துடிப்பதா என்று உலகம் வியந்தது. இத்தகைய விண்மீனில் சுழலும் அச்சு ஒரு பக்கமும், காந்தத்தின் அச்சு வேறு பக்கமும் சாய்ந்திருக்கும். துடிப்பு காந்த அச்சைத் தழுவியே நடக்கிறது என்ற விளக்கத்தை அவர் 1982இல் அளித்தார். விண்மீன் சுழலச் சுழலக் காந்த முனை நம்மை நோக்கித் திரும்பும்போது துடிப்பு வலுத்தும், விலகும்போது தளர்ந்தும் தெரிகிறது.

வைத்தியர் மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்த்து, கண்ணுக்குத் தெரியாத உடலின் உள்நிலையை அறிகிறார் அல்லவா? அதுபோலவே விண்மீனின் துடிப்பைக் கொண்டு அதன் உள்ளமைப்பையும் காந்தத்தையும் அறியலாம்.

இந்த நாடி பார்க்கும் வேலையை நைனிடாலின் மனோரா சிகரம் ஏற்றுக்கொண்டது. பாப்பு நிலைபெறச் செய்த அந்த ஆய்வுக்கூடம், 2004 முதல் ஆரியபட்டா ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயர் தாங்கி நிற்கிறது. தென்னாப்பிரிக்க வானாய்வுக்கூடமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் கைகோக்க, 1990களின் பிற்பகுதியில் நைனிடால்–கேப் தேடல் தொடங்கியது. ஒரு விண்மீனைக் குறிவைத்து, அதன் ஒளியைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை அளந்து, மணிக்கணக்கில் விழித்திருக்க வேண்டும். ஒளியின் ஏற்ற இறக்கமோ ஆயிரத்தில் ஒரு பங்கு, சில பங்குகள் அளவே. காற்று சற்றே கலங்கினாலும் அந்த நாடி மறைந்துவிடும்.

இருபது ஆண்டுகளில் அவர்கள் பரிசோதித்த விந்தை விண்மீன்கள் 337. அவற்றுள் காந்தமும் விரைந்த துடிப்பும் ஒருங்கே உடைய புதிய விண்மீனாக அவர்கள் கண்டறிந்தது ஒன்றே ஒன்று: ஆனி கேனன் வகைப்படுத்திய ஹென்றி டிரேப்பர் அட்டவணையில் 12098 என்னும் எண் பெற்ற விண்மீன். அதன் நாடி சுமார் 7.6 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கிறது. 2001இல் இச்செய்தி வெளியாயிற்று. வேறு வகையில் மெதுவாகத் துடிக்கும் சில விண்மீன்களும் அத்தேடலில் அகப்பட்டன.

முந்நூற்றுக்கு மேல் தேடி ஒன்றா என்று சிலர் எண்ணலாம். முத்துக்குளித்துறையில் பிறந்த நாம் அப்படிக் கேட்கமாட்டோம். மூச்சடக்கி மூழ்கி, கூடை கூடையாகச் சிப்பி அள்ளி வந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவர்கள் நம் முன்னோர். நூறு சிப்பியில் முத்து இல்லாமற் போனாலும் மறுநாள் காலை தோணி புறப்பட்டே தீரும். முத்தில்லாத சிப்பியும் கணக்கில் சேர வேண்டும். துடிப்பில்லாத விண்மீன்களின் பட்டியலையும் அந்த ஆராய்ச்சியாளர்கள் கவனமாக வெளியிட்டனர். எது துடிக்கிறது, எது துடிக்கவில்லை என்று இரண்டும் தெரிந்தால்தான் ஏன் துடிக்கிறது என்பது விளங்கும்.

நாம் கற்கும் பாடம்

வைணு பாப்புவின் வாழ்வில் நாம் காண்பது என்ன? ஒரு வால்மீனின் பெயரிலும் ஒரு விதியின் பெயரிலும் முப்பது வயது நிறையும் முன்பே அவர் இடம்பெற்றுவிட்டார். அந்தப் புகழோடு வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் இன்னும் பல கண்டுபிடிப்புகள் அவர் பெயரில் வந்திருக்கலாம். அதை விடுத்து, தமக்குப் பின் வருவோர் கண்டுபிடிக்கட்டும் என்று மலைகளில் இடம் தேடினார், கண்ணாடி தேய்க்கக் கற்பித்தார், இளைஞரைப் பயிற்றுவித்தார். அவர் இழந்தது சிறிதல்ல. நாடு பெற்றது பெரிது.

அந்தோனியா மோரி நுணுகிப் பார்த்ததால் ஒரு விந்தை தெரிந்தது. ஆனி கேனன் சலியாமல் எண்ணியதால் ஒவ்வொரு விண்மீனுக்கும் முகவரி கிடைத்தது. பாப்பு இடம் அமைத்ததால் அந்த முகவரிகளுள் ஒன்றில் நாடி துடிப்பது இந்தியாவிலிருந்து கேட்டது. காண்பவர், கணக்கெடுப்பவர், களம் அமைப்பவர் ஆகிய மூவரில் ஒருவர் குறைந்தாலும் அறிவு வளராது.

அன்பு மாணவியரே! இன்று காவலூரிலும் கோடைக்கானலிலும் நைனிடாலிலும் பெண்களும் ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ளனர். இயற்பியலும் கணிதமும் நமக்கு எட்டாதவை என்று நம்மில் யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. பெற்றோரும் தம் பெண்மக்கள் இரவு வானத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளைத் தட்டிக் கழிக்காமல் ஊக்குவிப்பார்களாக. வரும் மே மாதத்தில் ஒரு நாள் இரவு, வீட்டு மொட்டை மாடியில் வடக்கு நோக்கி நிற்போம். மோரி கண்ட அந்த விந்தை விண்மீனைத் தேடுவோம். அதைக் கண்டபின் பிறக்கும் முதல் கேள்வியை ஓர் ஏட்டில் எழுதி வைப்போம். பாப்புவின் வாழ்வும் அப்படி ஒரு கேள்வியில்தான் தொடங்கியது.